பாலைவனம்தானேன்னு நினைச்சுடாதீங்க... ஓமான் வீக் எண்டில் தண்ணீர்கிட்டதான் ஜாக்கிரதை!

வியாழக்கிழமை சாயங்காலம். மஸ்கட், ரூவியில் வேலை முடிந்து வெளியே வருகிறீர்கள். போனில் ரூம்மேட்டின் மெசேஜ். 'நாளைக்குக் காலையில 5 மணிக்கு வண்டி. வாதி ஷாப் போறோம். வர்றியா?'

ஊரிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வெள்ளிக்கிழமை என்றால் துணி துவைக்கணும், மதியம் பிரியாணி, வீட்டுக்கு வீடியோ கால், அப்புறம் நல்ல தூக்கம். அதைத் தாண்டி நீங்கள் யோசித்ததே இல்லை. 'பாலைவனத்துல போய் என்னத்தைப் பார்க்கிறது?' என்றுதான் முதலில் தோன்றும்.

தாராளமாகப் போங்க. ஓமான் முழுக்க மணல் கிடையாது. 3,000 மீட்டர் உயர மலை, பச்சைத் தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளத்தாக்கு, ஆமைகள் முட்டையிட வரும் கடற்கரை என எல்லாமே மஸ்கட்டிலிருந்து நாலு மணி நேர டிரைவுக்குள் இருக்கின்றன. ஆனால், கிளம்புவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். ஓமானுக்குப் புதிதாக வருகிறவர்கள் வெயிலுக்குப் பயப்படுவார்கள், மணலுக்குப் பயப்படுவார்கள். தண்ணீருக்குப் பயப்படுவதே இல்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அஞ்சு நாள் அங்கே, ரெண்டு நாள் எங்கே?

ஓமானில் சுமார் 50 லட்சம் பேர் வசிக்கிறார்கள். அதில் 40 சதவிகிதத்துக்கும் மேல் வெளிநாட்டவர்கள். ரூவி பக்கம் ஒரு ரவுண்டு வந்தால் தமிழ், மலையாளம், இந்தி, வங்காளம் எல்லாம் காதில் விழும். தர்செய்ட்டில் கிருஷ்ணன் கோயில், பழைய மஸ்கட்டில் சிவன் கோயில், ரூவியிலும் காலாவிலும் தேவாலயங்கள் இருக்கின்றன. ஓமான் நேரம் நம்ம ஊரைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். நீங்கள் வேலை முடித்து வருவதற்குள் ஊரில் இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். வீட்டுக்குப் பேச வேண்டும் என்றால் கணக்குப் பண்ணித்தான் போன் போடணும்.

வார விடுமுறை வெள்ளி, சனி. முன்பு வியாழனும் வெள்ளியுமாக இருந்தது. 2013 மே மாதத்திலிருந்துதான் இப்படி மாறியது. 2023-ல் வந்த புதிய தொழிலாளர் சட்டமும் வாரத்துக்குத் தொடர்ச்சியாக இரண்டு நாள் ஓய்வு என்றே சொல்கிறது. ஆனால் கடை, ஹோட்டல், கட்டுமானம் என்று பல இடங்களில் வேலை பார்ப்பவர்களின் கைக்கு வருவது வெள்ளிக்கிழமை மட்டும்தான். அந்த ஒரு நாளையும் சிலருக்கு ஓவர்டைம் சாப்பிட்டுவிடும். அதனால் வேலையில் சேரும்போதே கான்ட்ராக்ட்டில் வார ஓய்வு எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பார்க்கிற கண் அந்த வரியையும் பார்க்கட்டும்.

இன்னும் இரண்டு விதிகளைத் தெரிந்துகொள்வது நல்லது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதங்களும் திறந்தவெளி வேலை இடங்களில் மதியம் 12.30 முதல் 3.30 வரை வேலை வாங்கக் கூடாது. அடுத்தது என்.ஓ.சி. ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போக, பழைய முதலாளியிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும் என்றிருந்த நிலை 2021 ஜனவரியோடு போய்விட்டது. கான்ட்ராக்ட் முடிந்தால் உரிய நடைமுறைப்படி மாறிக்கொள்ளலாம்.

சரி, இதற்கும் ஊர் சுற்றுவதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. வேலை, ரூம், வேலை என்றே இரண்டு வருஷம் ஓட்டியவர்களுக்கு, ஊர் திரும்பும்போது அந்த நாட்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இருக்காது. மாதம் ஒரு தடவையாவது வெளியே போய்விட்டு வருகிறவர்களுக்கு அந்த நாடு கொஞ்சம் பழகிவிடும். வாரத்தின் மற்ற ஆறு நாளைத் தள்ள அது ரொம்பவே கை கொடுக்கும்.

முதல் தடை: டிரம்!

பயணத்துக்கு வண்டி வேண்டும், வண்டிக்கு லைசென்ஸ் வேண்டும். ரெசிடென்ட் கார்டு வாங்கி அங்கேயே தங்கி வேலை பார்ப்பவர், நம்ம ஊர் லைசென்ஸைக் காட்டி அப்படியே மாற்றிக்கொள்ள முடியாது. ஓமானில் டெஸ்ட் கொடுத்துத்தான் ஆகணும். அதில் பிரபலமானது டிரம் டெஸ்ட். வரிசையாக டிரம்களை வைத்திருப்பார்கள். எதிலும் இடிக்காமல் வண்டியை ரிவர்ஸில் உள்ளே நிறுத்தி எடுக்கணும். அப்புறம் மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் கிளப்புவது. கடைசியில் ரோடு டெஸ்ட். சென்னை டிராஃபிக்கில் பத்து வருஷம் ஓட்டியவர்களும் டிரம்மில் தடுமாறுவது உண்டு. முதல் முறை ஃபெயில் ஆனால் மனசு விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு முன்னால் பாதி ரூவியே ஃபெயில் ஆகியிருக்கிறது!

வண்டி இல்லையா? அரசுப் பேருந்து நிறுவனமான முவாசலாத், நிஸ்வா, சூர் போன்ற ஊர்களுக்கு பஸ் விடுகிறது. நாலு பேர் சேர்ந்து வாடகை கார் எடுப்பது இன்னொரு வழி. ஆனால் சாதாரண செடான் காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மணலிலோ, மண் பாதையிலோ இறங்காதீர்கள். வண்டிக்கு ஏதாவது ஆனால் இன்ஷூரன்ஸ் கை கொடுக்காமல் போகலாம். கையெழுத்துப் போடும்போதே 'ஆஃப் ரோடுக்கு கவரேஜ் இருக்கா?' என்று கேட்டுவிடுங்கள்.

எங்கே போகலாம்?

கையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ளலாம்.

*அரை நாள் இருந்தால்:* முத்ரா கடற்கரைச் சாலையும், அங்கே உள்ள பழைய சூக்கும். சூக் என்றால் சந்தை. சாம்பிராணி வாசனை தூக்கும். ஓமானின் தெற்குப் பகுதியான தோஃபாரில் விளைகிற சாம்பிராணி பழங்காலத்திலிருந்தே உலகப் புகழ். ஊருக்கு வாங்கிப் போக இதைவிட நல்ல பொருள் கிடையாது. சுல்தான் காபூஸ் பெரிய மசூதியைப் பார்க்க வேண்டும் என்றால் சனிக்கிழமை காலை போங்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வெள்ளிக்கிழமை அனுமதி இல்லை, மற்ற நாள்களில் காலை 8 முதல் 11 மணி வரை மட்டுமே. உள்ளே கையால் நெய்த ஒரே கம்பளம், 4,000 சதுர மீட்டருக்கும் மேல் விரிந்து கிடக்கும்.

*ஒரு நாள் இருந்தால்:* சூர் போகும் நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். முதலில் பிம்மா சிங்க்ஹோல். சுண்ணாம்புப் பாறை கரைந்து உள்வாங்கியதால் உண்டான பள்ளம், அடியில் நீலப்பச்சைத் தண்ணீர். வானத்திலிருந்து நட்சத்திரம் விழுந்து உண்டான குழி என்பது உள்ளூர்க் கதை. அரபியில் இதன் பெயரே 'நட்சத்திரப் பள்ளம்' என்கிற அர்த்தத்தில்தான் இருக்கிறது. அதைத் தாண்டி தீவி ஊரை ஒட்டி வாதி ஷாப். ஒரு ரியால் கொடுத்தால் சின்னப் படகில் அக்கரையில் விடுவார்கள். முக்கால் மணி நேரம் பாறையில் நடந்தால் குளங்கள் ஆரம்பிக்கும். கடைசிக் குளத்தில் நீந்தி, தலை மட்டும் நுழைகிற பாறை இடுக்கைத் தாண்டினால் உள்ளே குகை, குகைக்குள் அருவி. நீச்சல் தெரியாதவர்கள் அந்தக் கடைசிப் பகுதிக்கு ஆசைப்படவே கூடாது. முன்னால் உள்ள குளங்களே போதும். எல்லோரும் லைஃப் ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலை பிடிக்கும் என்பவர்களுக்கு நிஸ்வா. வெள்ளிக்கிழமை காலை அங்கே ஆட்டுச் சந்தை. விற்கிறவர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி வருவார், வாங்குகிறவர்கள் சுற்றி உட்கார்ந்து விலை கேட்பார்கள். மணப்பாறை மாட்டுச் சந்தையைப் பார்த்தவர்களுக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். பக்கத்திலேயே 17-ம் நூற்றாண்டுக் கோட்டையும் இருக்கிறது.

*ஒரு ராத்திரி தங்க முடியும் என்றால்:* ஜெபல் ஷம்ஸ், அதாவது சூரிய மலை. உச்சி சுமார் 3,000 மீட்டர். அதன் விளிம்பில் நின்று கீழே வாதி குல் பள்ளத்தாக்கைப் பார்த்தால் கால் கூசும். பக்கத்தில் ஜெபல் அக்தர், பசுமை மலை. மேலே மாதுளைத் தோட்டங்களும், பன்னீருக்காக வளர்க்கும் ரோஜாவும் உண்டு. கோடையிலும் குளிர்ந்த காற்று வீசும். ஃபோர் வீல் டிரைவ் வண்டி இல்லாமல் ஜெபல் அக்தருக்குப் போக முடியாது. அடிவாரத்தில் போலீஸ் செக்போஸ்ட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மணல் பார்க்கணும் என்றால் ஷர்கியா மணல்வெளி. பழைய பெயர் வஹீபா. வடக்கு தெற்காக சுமார் 180 கி.மீ., கிழக்கு மேற்காக 80 கி.மீ. அங்கே நுழைய பிதியா ஊர்தான் வாசல். ஒரு ராத்திரி கேம்ப்பில் தங்கி, விளக்கை அணைத்துவிட்டு வானத்தைப் பாருங்கள். மஸ்கட்டுக்குத் திரும்ப மனசே வராது. ஆமை பார்க்க ஆசை என்றால் சூர் தாண்டி ரஸ் அல் ஜின்ஸ். முன்பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் இரவில் போக முடியும். டார்ச், ஃப்ளாஷ் எதுவும் கூடாது.

மணலுக்கும் மலைக்கும் அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை சரியான காலம். கோடையில் வேண்டாம். 2018 ஜூனில் மஸ்கட்டுக்குப் பக்கத்தில் உள்ள குரியாத்தில் 24 மணி நேரத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 42.6 டிகிரி செல்சியஸ். நடுராத்திரியும் சேர்த்துத்தான்!

நீல வானத்துக்குக் கீழே வரும் வெள்ளம்

இப்போது முதலில் சொன்ன தண்ணீர் விஷயத்துக்கு வருவோம்.

வாதி என்றால் வறண்டு கிடக்கும் ஆற்றுப் பள்ளத்தாக்கு. வருஷத்தில் பல நாள் அதில் கூழாங்கல்தான் இருக்கும். நிழலும் காற்றும் நன்றாக இருப்பதால் நம்ம ஆட்கள் பாய் விரித்து, அடுப்பு மூட்டி, அங்கேயே சமைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அங்கேதான் தப்பு நடக்கிறது.

ஓமானின் வடக்கில் நீண்டு கிடக்கும் ஹஜர் மலைத்தொடர் பெரும்பாலும் மொட்டைப் பாறை. மழையைப் பிடித்துவைக்க மண்ணும் இல்லை, காடும் இல்லை. பெய்த மழை அப்படியே சரிந்து வாதிக்குள் விழும். மலைமேல் எங்கோ 30, 40 கி.மீ. தள்ளிப் பெய்த மழை, நீங்கள் நிற்கும் இடத்துக்கு வெள்ளமாக வரும். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாகத்தான் இருக்கும். ஒரு சொட்டுகூட விழுந்திருக்காது. கோடையில் மதியத்துக்கு மேல் ஹஜர் மலையில் திடீர் இடிமழை வருவது வழக்கமான விஷயம்.

2024 ஏப்ரலில் அடித்த மழையில் வாதிகள் கரைபுரண்டன. பள்ளிக் குழந்தைகள் உட்பட சுமார் 20 பேர் இறந்துபோனார்கள். சுற்றுலா போன இடத்தில் அல்ல, தினமும் போய் வருகிற பாதையில். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், நேற்று வந்த நமக்கு?

அதனால் இதைப் பாடமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்:

• கிளம்பும் முன் ஓமான் வானிலைத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். போகிற இடத்தில் மட்டுமல்ல, அந்த வாதிக்குத் தண்ணீர் வரும் மலைமேல் மழை இருக்கிறதா என்று பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் வாதி பயணம் ரத்து. மறுபேச்சே வேண்டாம்.

• வாதியின் தரையில் கூடாரம் போடாதீர்கள், வண்டியையும் நிறுத்தாதீர்கள். மேடான இடம் பாருங்கள். நடக்கும்போதே 'ஓடணும்னா எங்கே ஏறுவோம்?' என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

• தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கினாலும், குச்சியும் இலையும் மிதந்து வந்தாலும், மேலிருந்து உறுமல் சத்தம் கேட்டாலும் உடனே மேலே ஏறுங்கள். குற்றாலத்தில் 'தண்ணி வருது, ஏறுங்க' என்று குரல் வந்தால் சோப்பைக்கூடப் போட்டுவிட்டு ஓடுவோம் இல்லையா? இங்கே குரல் கொடுக்க ஆள் இருக்காது. போனும் கேமராவும் போனால் போகட்டும்.

• சாலையைத் தாண்டி வாதி ஓடினால் வண்டியை நிறுத்திவிடுங்கள். பல இடங்களில் ஆழம் காட்ட சிவப்பு வெள்ளைக் கம்பம் நட்டிருப்பார்கள். வேகமாக ஓடும் தண்ணீர் 30 செ.மீ. இருந்தாலே சின்ன காரைத் தள்ளிவிடும். 60 செ.மீ. இருந்தால் பெரிய எஸ்.யூ.வி-யும் மிதந்து போகும். 'முன்னாடி வண்டி போகுதே' என்று பின்னாலேயே போகாதீர்கள். ஓடும் வாதியில் வண்டியை இறக்கி உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது ஓமானில் தண்டனைக்குரிய குற்றமும்கூட.

பொதுவாகச் சில மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிடும். 'காலையில டியூட்டி இருக்கு, லேட்டா போனா சம்பளம் பிடிப்பாங்க' என்ற அவசரத்தில்தான் பலர் இறங்குகிறார்கள். ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும். ஊரில் உங்களை நம்பி இருக்கிறவர்களுக்கு அந்தச் சம்பளத்தைவிட நீங்கள் முக்கியம்.

மணலில் சிக்கினால்?

மணல்மேடுகளில் ஏறும் முன் டயர் காற்றைக் குறைக்க வேண்டும். 15 முதல் 18 பி.எஸ்.ஐ வரை இறக்குவார்கள். டயர் பரந்து உட்கார்ந்தால்தான் மணலில் புதையாது. தார் ரோடு ஏறியதும் மறக்காமல் காற்றடித்துவிடணும். மேட்டிலிருந்து நேராக இறங்குங்கள். குறுக்கே திருப்பினால் வண்டி உருண்டுவிடும். தனி வண்டியில் போகவே கூடாது, குறைந்தது இரண்டு வண்டி. முதல் தடவை என்றால் பழகிய ஓட்டுநரை வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி புதைந்துவிட்டதா? ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளேதான் போகும். இறங்கி மணலை அள்ளி, காற்றை இன்னும் கொஞ்சம் குறைத்து மெதுவாக எடுங்கள். முடியவில்லை என்றால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். தேடி வருகிறவர்களுக்கு ஆளைவிட வண்டி சீக்கிரம் கண்ணில் படும், உங்களுக்கும் நிழல் கிடைக்கும்.

இரவில் ஒட்டகம் ரோட்டைக் கடக்கும். ஹெட்லைட் வெளிச்சத்தில் நீண்ட கால்கள் மட்டும் தெரியும், அது தெரியும்போது நேரம் கடந்திருக்கும். முடிந்தவரை இருட்டுவதற்குள் நெடுஞ்சாலைக்கு வந்துவிடுங்கள்.

ஊருக்கு ஏற்ற மரியாதை

ஓமானியர்கள் விருந்தாளியைக் கொண்டாடுகிறவர்கள். கிராமத்தில் யாராவது கூப்பிட்டு பேரீச்சம்பழமும் கஹ்வாவும் கொடுத்தால் வலது கையால் வாங்குங்கள். கஹ்வா என்றால் ஏலக்காய் போட்ட அவர்கள் ஊர்க் காபி, சின்னக் கோப்பையில் வரும். போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுத்தால் புரிந்துகொள்வார்கள். இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்!

வாதியில் குளிக்கும்போது டி-ஷர்ட், முழங்கால் வரை மூடும் உடை போடுங்கள். பெண்களை போட்டோ எடுக்காதீர்கள். ரமலான் மாதத்தில் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதும் குடிப்பதும் கூடாது.

கிராமங்களில் கால்வாய் போல ஓடுவதற்குப் பெயர் ஃபலஜ். மலையடித் தண்ணீரைப் பல நூற்றாண்டுகளாக இப்படித்தான் தோட்டங்களுக்குக் கொண்டுவருகிறார்கள். நம்ம ஊர் ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைப்போல, இங்கும் இன்னாருக்கு இன்ன நேரம் என்று கணக்கு உண்டு. இப்படிப்பட்ட ஐந்து ஃபலஜ்களை யுனெஸ்கோ 2006-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதில் சோப்புப் போட்டுக் குளிப்பது, பாத்திரம் கழுவுவது எல்லாம் வேண்டாம். குப்பையையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். நீங்கள் போட்ட பிளாஸ்டிக் பையை ஆடும் ஒட்டகமும் தின்று சாகும்.

கிளம்பும் முன்...

ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர், அதுபோக இன்னொரு கேன். ஃபுல் டேங்க் பெட்ரோல். ரெசிடென்ட் கார்டு, லைசென்ஸ். போனில் டவுன்லோடு செய்த மேப், ஏனென்றால் வாதிக்குள் சிக்னல் இருக்காது. பவர் பேங்க், டார்ச், முதலுதவிப் பெட்டி, இழுவைக் கயிறு, மண்வெட்டி. ஈரத்திலும் பிடிப்பாக நிற்கும் ஷூ. அவசர உதவிக்கு 9999.

கடைசியாக, காசு செலவில்லாத ஒன்று. வராமல் ரூமில் தூங்கப்போகும் நண்பர் ஒருவருக்கு, 'இந்த இடத்துக்குப் போறோம், இத்தனை பேர், வண்டி நம்பர் இது, ராத்திரி 9 மணிக்குள்ள வந்துடுவோம். வரலைன்னா போலீஸுக்குச் சொல்லு' என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டுப் போங்கள். திரும்பியதும் முதல் வேலையாக 'வந்துட்டோம்' என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், மறக்காமல் ஊருக்கும் ஒரு போன். வழக்கமாக 'சாப்பிட்டியா?'வோடு முடியும் பேச்சு, இந்த வாரம் கொஞ்சம் நீளும்.